தண்ணீர் வளர்த்தவர்

பெங்களூரில் மீன் வளர்க்கிறவர்கள் எத்தனையோ பேர். தண்ணீர் வளர்த்த ஒரே மனிதர் எங்கள் அமோனியாதான்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் தங்கியிருந்த பிஜி விடுதியில் எதிர் அறைக்காரர். கோலார் தங்கவயல்காரர். ஐடியில் வேலை. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும், யாரும் கேட்டுக்கொள்ளவில்லை; அமோனியா நாங்கள் வைத்த பெயர். ஹாலில் ஜன்னலோரமாகப் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்தார். மணல், கூழாங்கல், நீல விளக்கு, குமிழி விடும் ஃபில்டர் எல்லாம் இருந்தன. மீன் மட்டும் இல்லை.

தினமும் இல்லாத மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி போடுவார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். குமிழிகள் மேலே போகும். அவர் கண்களும் கூடவே போகும்.

"அண்ணா, மீன் எங்கண்ணா?" என்று கேட்டேன்.

"வரும்பா. தண்ணி இன்னும் தயாராகல. மீனோட கழிவும் மிச்சத் தீனியும் அழுகுனா அமோனியா. அது விஷம். அதைத் தின்னு நைட்ரைட்டா மாத்த ஒரு பாக்டீரியா கூட்டம் வரணும். நைட்ரைட்டும் விஷம்தான். அதை நைட்ரேட்டா மாத்த இன்னொரு கூட்டம் வரணும். நைட்ரேட் சாது. அப்பப்ப கொஞ்சம் தண்ணி மாத்துனா போயிடும்."

"எப்ப வருவாங்க?"

"அவசரப்படுத்துனா கோச்சுப்பாங்க" என்றார், சம்பந்தி வீட்டாரைப் பற்றிச் சொல்வது போல.

அவ்வப்போது தொட்டித் தண்ணீரைச் சிறு குழாயில் எடுத்து மருந்துச் சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடிப்பார். பச்சையானால் அமோனியா இருக்கிறது, மஞ்சளானால் இல்லை. "இன்னும் பச்சை" என்று பெருமூச்சு விடுவார். கொஞ்ச நாளில் நாங்களும் விட ஆரம்பித்தோம்.

பொறுக்க முடியாதவர் பிஜி நடத்தும் ஆன்ட்டி ஒருவர்தான். வரமகாலட்சுமி பூஜையன்று, அமோனியா ஆபீஸ் போயிருந்த நேரம் பார்த்து, இரண்டு தங்கமீன்களை வாங்கிவந்து தொட்டியில் விட்டுவிட்டார்.

"ஹப்பத்தன்னைக்கு, பண்டிகையும் அதுவுமா, வெறும் தொட்டி இருக்கலாமாப்பா? எஷ்டு சந்தோஷப்படுவான் பாரு!"

மாலையில் வந்தவர் பேயறைந்தது போல நின்றார். மறுநாளே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. குழாயில் கரும்பச்சை. ஆன்ட்டி அழுதேவிட்டார்.

"நல்ல மனசோடதான செஞ்சீங்க, விடுங்க" என்ற அமோனியா, மேனேஜருக்குப் போன் போட்டார். "சார், வீட்ல ரெண்டு பேருக்கு மூச்சுத் திணறல். லீவு வேணும்... இல்ல சார், ஆஸ்பத்திரில சேர்த்துக்க மாட்டாங்க... ரெண்டும் சின்னப் புள்ளைங்க சார்."

தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டும், ஆனால் பைப் தண்ணீரில் குளோரின். அது போகப் பக்கெட்டில் பிடித்து ஆறப்போட வேண்டும். பிஜியின் பக்கெட்டுகள் எல்லாம் மாடியில் வரிசையாக நின்றன. யாரும் குளிக்கவில்லை. கம்பெனி கேப் வண்டியில் எங்கள் பக்கத்தில் எவரும் உட்காரவில்லை.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியும் பச்சை இறங்கவில்லை. அமோனியா என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்டின் டவுன் மீன்கடைக்குப் போனார்.

"உங்க ஃபில்டர்ல இருக்குற அழுக்கு ஸ்பான்ஜ் ஒண்ணு குடுங்கண்ணா. அதுலதான் பாக்டீரியா குடியிருக்கு."

கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "மீன் கேப்பாங்க, கல்லு கேப்பாங்க. அழுக்கு கேட்டு வந்தது நீங்கதான் சாமி."

காய்ந்தால் பாக்டீரியா செத்துவிடும் என்று டிபன் பாக்ஸில் தண்ணீர் விட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பிரியாணி என்று நம்பித் திறந்த பக்கத்து அறைக்காரன் அன்றிரவு சாப்பிடவில்லை.

ஸ்பான்ஜ் எங்கள் ஃபில்டருக்குள் போனது. அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை. தண்ணீர் மாற்றுவதும் காத்திருப்பதும்தான். வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒவ்வொருவராக லேப்டாப்பை மூடிவிட்டு ஹாலுக்கு வந்தார்கள். நீல வெளிச்சம் எல்லார் முகத்திலும் அசைந்தது. குமிழிச் சத்தமும் மழைச் சத்தமும் ஒன்றாகி, நாங்கள் உள்ளேயும் மீன்கள் வெளியேயும் இருப்பது போலத் தோன்றியது.

நாலைந்து நாட்களில் மீன்கள் கீழே இறங்கி மணலைக் கிளற ஆரம்பித்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அமோனியா குழாயை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு அதை எங்கள் பக்கம் நீட்டினார்.

"மஞ்சளு!" என்று ஆன்ட்டிதான் கத்தினார். "மங்களகரமா இருக்குப்பா!" குழாய்க்குக் குங்குமம் வைக்கப் போனவரைத் தடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் அமோனியாவுக்கு ஊரின் இன்னொரு கோடியிலிருந்த வைட்ஃபீல்டுக்கு வேலை மாறியது. தொட்டி முன்பே வேறு வண்டியில் போய்விட, மீன்கள் மூடி போட்ட பக்கெட்டில், பக்கெட் அவர் மடியில், நான் பக்கத்தில். கேப் கிளம்பியதும் முன்னால் குனிந்து, "அண்ணா, ஹாரன் மட்டும் அடிக்காதீங்க, ப்ளீஸ். பயந்துக்கும்" என்றார். டிரைவர் பக்கெட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தலையாட்டினார். சுற்றிலும் ஊரே அலறிக்கொண்டிருக்க, எங்கள் வண்டி மட்டும் சத்தமில்லாமல் மிதந்து போனது. அவர் மூடியை லேசாகத் தூக்கிப் பார்ப்பதும் புன்னகைப்பதுமாகவே வந்தார்.

எனக்கு அன்று வைட்ஃபீல்டில் ஒரு வேலையும் இல்லை.