டீச்சரின் பியானோவும் என் ‘பலே’யும்

ஸ்ரீரங்கத்துக்காரன் ஒருவன் கச்சேரியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும். தூங்கிவிட்டான், அல்லது பாடுகிறவர்மேல் ஏதோ மனத்தாங்கல். மற்றபடி தலையாட்ட வேண்டும், தொடையில் தாளம் போட வேண்டும், நல்ல இடம் வந்தால் ‘பலே’ என்று வித்வான் காதில் விழும்படி சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து மரியாதை அது. என்னுடைய ‘பலே’ அந்த நாளில் கொஞ்சம் பிரசித்தம். கடைசி வரிசையிலிருந்து சொன்னாலும் மிருதங்கக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். (ரசித்துப் பார்த்தாரா, முறைத்துப் பார்த்தாரா என்று நான் விசாரித்ததில்லை.)

அறுபதுகளின் தொடக்கம். நான் ஒரு கல்லூரியில் ஆங்கிலப் பாடம் நடத்திக்கொண்டு, சாயங்காலங்களில் ஒரு சின்னப் பத்திரிகைக்கு சங்கீத விமர்சனம் எழுதிவந்தேன். அதை யாரும் படிப்பதாக எனக்குத் தகவல் இல்லாத நிலையில், திருச்சி புத்தூரில் பியானோ சொல்லிக்கொடுத்துவந்த ஸ்டெல்லா டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மெட்ராஸில் ஒரு சிறிய இசைத்தட்டுக் கம்பெனி அவர் வாசிப்பைப் பதிவு செய்ய ஒருவழியாக ஒத்துக்கொண்டிருந்தது. ஒத்துக்கொள்ள வைக்க அவருக்குப் பல வருஷம் பிடித்திருக்கிறது. ‘திருச்சியில் பியானோவா’ என்ற ஆச்சரியத்தைத் தாண்டி அவர்கள் யோசனை போகவே இல்லையாம். இப்போதும் ஒரே ஒரு நாள்தான் கொடுத்திருந்தார்கள். அன்று சரியாக வராவிட்டால் மறுபடி வரமாட்டார்கள். இசைத்தட்டின் உறையில் அச்சிட ஒரு குறிப்பு எழுதித்தர வேண்டும், அதற்கு நான்.

அவர் வாசிக்கவிருந்தது பரோக் சங்கீதம். பல தலைமுறைகளுக்கு முன்னால் ஜெர்மனியில், தேவாலயத்து ஆர்கனுக்காக எழுதியது. அதை நம் காலத்து ஐரோப்பியர்கள் பியானோவுக்கு மாற்றியிருந்தார்கள். ஆர்கன் வாசிக்கிறவர் இரண்டு கையோடு இரண்டு காலையும் உபயோகிப்பார். பியானோவில் கால் செய்கிற வேலையையும் கையே செய்தாக வேண்டும். இந்த விஷயத்தை நான் கலைக்களஞ்சியத்தில் படித்துவிட்டுப் போய் டீச்சருக்கே விளக்கினேன். பாதி ஆயுளாக அதைத்தான் செய்துகொண்டிருந்த அவர், நான் முடிக்கும்வரை கேட்டார்.

“நல்லாப் படிச்சிட்டு வந்திருக்கீங்க தம்பி. காபி ஆறுது, சாப்பிடுங்க.”

பதிவுக்காக, விடுமுறையில் பூட்டிக்கிடந்த, பியானோ உள்ள ஒரு பள்ளிக்கூட மண்டபத்தைக் கேட்டு வாங்கியிருந்தார். கம்பெனியிலிருந்து கோபிநாத் என்பவர் டிரங்குப் பெட்டி அளவில் ஒரு டேப் ரிக்கார்டரோடு வந்திறங்கினார். வந்ததும் மின்விசிறியை நிறுத்தினார், அதன் சத்தம் பதிவாகிவிடுமாம். அடுத்து ஜன்னல்களைச் சாத்தினார். திருச்சியில் சித்திரை மாதத்தில் இப்படி உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் தபஸ். அடுத்தபடி அவர் பார்வை என்மேல் விழுந்தது.

“சார் உள்ளதான் இருக்கணுமா? வெளிய வேப்பமரம் நல்ல நிழலா இருக்கு.”

“இருக்கட்டுங்க” என்றார் டீச்சர். “எதிர்ல ஒருத்தராவது கேட்டாத்தான் எனக்கு வாசிக்க வரும்.”

நான் நாற்காலியில் இரண்டு அங்குலம் உயர்ந்தேன்.

சின்ன உருப்படிகள் காலையிலேயே முடிந்துவிட்டன. கடைசியாக வைத்திருந்த பெரிய உருப்படிதான் படுத்தியது. ஒரு தடவை விரல் வழுக்கியது. ஒரு தடவை ஐஸ்காரன் மணி. ஒரு தடவை எல்லாம் சரியாக வந்தும், டீச்சரே பாதியில் நிறுத்தி, “இது செத்த வாசிப்பு, வேண்டாம்” என்றுவிட்டார். கோபிநாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு ராத்திரி ரயில். டீச்சர் முகத்தைத் துடைத்தார், விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார், மறுபடி தொடங்கினார்.

அதை நான் எப்படிச் சொல்வேன்? பியானோவுக்குள்ளிருந்து ஒரு குரல் தனியாக ஒரு சின்னப் பேச்சைத் தொடங்குகிறது. அது முடிப்பதற்குள் இன்னொரு குரல் மேலேயிருந்து அதே பேச்சைத் தொடங்குகிறது. அப்புறம் கீழேயிருந்து மூன்றாவது. மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசியும் சண்டை வராத குடும்பத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இருப்பதோ பத்து விரல். கால் வாசிக்க வேண்டிய கீழ்ஸ்வரத்தை இடது கைச் சுண்டுவிரல் தாவிப்போய்த் தட்டிவிட்டு, யாரும் கவனிக்காதது போல் திரும்பி வந்துவிடும். சிறிய உருவம் அவர், மூக்குக் கண்ணாடி வேறு நழுவிக்கொண்டே இருந்தது. அந்த அம்மாள் மண்டபத்தின் கூரையை மெல்லத் தூக்கிக்கொண்டிருந்தார். வெயில், வியர்வை, உறைக்குறிப்பு எதுவும் என் நினைவில் இல்லை.

மூன்று குரலும் சேர்ந்து ஏறின. இன்னும் ஏறின. உச்சியில் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கி, சட்டென்று நின்றது.

மிருதங்கத் தீர்மானம் முடிந்து தாளத்தின் சமத்தில் சரியாக வந்து விழுந்தால் எங்கள் ஊர்க்காரன் என்ன செய்வானோ, அதை நான் செய்தேன்.

“பலே.”

அது முடிவல்ல. நடுவில் ஒரு நிறுத்தம், பிறகு கடைசியாகச் சில ஸ்வரங்கள் பாக்கி.

டீச்சர் நிறுத்தவில்லை. தோள்கூட அசையவில்லை. அந்த மௌனம் முடியும்வரை காத்திருந்து, பாக்கியை அப்படியே வாசித்து முடித்து, கையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“நல்லா இருந்துதா தம்பி?”

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

கோபிநாத் இயந்திரத்தை அணைத்தார். “வேப்பமரத்தடின்னு அப்பவே சொன்னேன். இன்னொரு தடவை வாசிச்சிடலாமா டீச்சர்?”

டீச்சர் விரல்களை நீவிவிட்டுக்கொண்டார். “இனிமே வாசிச்சா ஸ்வரம் வரும். இது வராதுங்க.”

“அப்போ சாரை பிளேடால வெட்டிடறேன்” என்றார் கோபிநாத். (அந்தக் கணத்தில் எனக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. அவர் சொன்னது டேப்பை.) “ஆனா அந்த இடம் குறைஞ்சு போயிடும்.”

“குறையக் கூடாது. அந்த மௌனமும் எழுதினதுதான். அவ்வளவு நேரம் நின்னாத்தான் அடுத்தது விழும்.”

கோபிநாத் யோசித்துவிட்டு, வெட்டுகிற நீளத்துக்கு வேறு மௌனத்தை ஒட்டலாம் என்றார். அது எந்த மௌனமாகவும் இருக்க முடியாதாம். மெட்ராஸ் மௌனத்தை ஒட்டினால் காதுக்குத் தெரிந்துவிடும். இதே மண்டபம், இதே ஜன்னல், இதே ஆட்கள் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். மௌனத்திலும் ஊர் வித்தியாசம் உண்டென்று கலைக்களஞ்சியத்தில் போடவில்லை. வாசல் வரை நழுவிவிட்ட என்னை அவர் கூப்பிட்டார்.

“எங்க போறீங்க? உக்காருங்க சார். நீங்கதான் வேணும்.”

டீச்சர் பியானோ முன் கையைத் தூக்கியபடி இருந்தார். நான் மூச்சைப் பிடித்தேன். டேப் சுழன்றது. பகல் சாப்பாடு காணாத என் வயிறு, வீணையின் மந்திர ஸ்தாயியில் ஏதோ சொன்னது.

“கட்” என்றார் கோபிநாத்.

அடுத்த தடவை என் நாற்காலி முனகியது. அதற்கடுத்த தடவை, நியாயமாகச் சொன்னால், காக்காய். டீச்சர் தன் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து என்னிடம் நீட்டினார். “சாப்பிட்டுட்டு உக்காருங்க தம்பி. ஒண்ணும் அவசரமில்ல” என்றார், ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தபோது. என்னிடம் அவர் அப்போது கோபப்பட்டிருந்தால் நியாயம். ஆனால் கோபத்திலும் ஒரு சத்தம் இருக்குமே, அதற்குக்கூட அவர் இடம் வைக்கவில்லை என்று நினைக்கிறேன். பன்னை விழுங்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன். ரங்கநாதரை வேண்டிக்கொண்டேன், வாயைத் திறக்காமல்.

“வந்துடுச்சு” என்றார் கோபிநாத்.

இசைத்தட்டு வெளிவந்தது. அந்தக் கடைசி உருப்படிக்காகவே அதை வாங்கியவர்கள் உண்டு. கம்பெனி தானாகவே திருச்சிக்கு மறுபடியும் வந்து டீச்சரைப் பதிவு செய்தது. (அந்த முறை உறைக்குறிப்பை வீட்டிலிருந்தே எழுதி அனுப்பினேன்.)

எனக்கென்று டீச்சர் கொடுத்த பிரதியை, வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி போட்டுக் காட்டுவாள். மூன்று குரலும் ஏறி, உச்சியில் இறங்கி, நிற்கும். உடனே கையை உயர்த்துவாள்.

“நன்னாக் கேட்டுக்கோங்கோ. இந்த இடம் எங்காத்துக்காரர் வாசிச்சது. பேசாம இருந்தது இது ஒரு தடவைதான், அதையும் மெஷின் வெச்சுப் பிடிக்க வேண்டியிருந்தது.”

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் டீச்சர் கடைசி ஸ்வரங்களை ஆரம்பித்துவிடுகிறார்.