பாலத்துக்கு ஒரு கைப்பிடி

மரியாதைக்குரிய சம்பந்தி சுந்தரம் அவர்களுக்கும் ஆனந்தவல்லி அம்மாளுக்கும் கடல் கடந்த புக்கெகோஹி ஊரிலிருந்து ரங்கநாதன் வணக்கம். இங்கே என் மகன் நிதின், உங்கள் பெண் வைஷாலி, நம் பேத்தி தாரிணி எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

தாரிணி ஸ்கூல் பஸ்ஸுக்கு நடந்துபோகிற வழியில் கைப்பிடி இல்லாத பாலம் இருக்கிறது என்று போன கடிதத்தில் எழுதி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டேன். கைப்பிடி வந்தாச்சு, இனி நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அது வந்த கதையைக் கேளுங்கள். இங்கே பாலம் சாலைத்துறைக்குச் சொந்தம், கீழே ஓடும் ஓடை மழைநீர்த் துறைக்கு, கரையிலுள்ள புல் பூங்காத் துறைக்கு. நான் தவறி விழுந்தால் காற்றில் இருக்கும்வரை ஒரு துறை பொறுப்பு, தண்ணீரைத் தொட்டதும் இன்னொரு துறை. எல்லாரும் ரொம்ப மரியாதையாகப் பேசி, என்னை அடுத்த ஆளிடம் அனுப்பினார்கள். கடைசியில் நம்ம பஞ்சாயத்து மாதிரியான உள்ளூர் வாரியத்தின் மாதக் கூட்டத்துக்குப் போனேன். அங்கே பொதுஜனம் எழுந்து பேச மூன்று நிமிஷம் தருவார்கள். மூன்று மாதம் பேசினேன், தலைவர் மூன்று தடவையும் நன்றி சொன்னார்.

ஆதரவு தந்தது ஒரே ஒருத்திதான். மஞ்சள் ரெயின்கோட் போட்ட பிஜிக்காரம்மா, பெயர் ரோனிதாவாம். நான் பேசும்போதெல்லாம் கடைசி நாற்காலியிலிருந்து கை தூக்குவாள். "நானும் அந்தப் பாலத்துக்குத்தான் கேக்கிறேன், என் பேச்சை ஒருத்தரும் கேக்கலை" என்பாள். வெளியே வெயில் கொளுத்தும், அவள் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டும். போன கூட்டத்தில் நேரே போய்த் தலைவர் பின்னால் நின்று அவர் தோளில் கை வைத்தாள். மனுஷன் நடுங்கிப்போய் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தித்தான் இருந்தது சம்பந்தி! மறுநிமிஷம் கைப்பிடிக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

அந்தம்மாவுக்கு நன்றி சொல்லலாம் என்று அங்கே வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பெண் அபர்ணாவிடம் விசாரித்தேன். "சார், பேச வர்றது நீங்க ஒருத்தர்தானே? கடைசி நாற்காலி மட்டும் எப்பவும் ஈரமா இருக்கு, கூரை ஒழுகுதுன்னு கம்ப்ளெய்ன்ட் போட்டிருக்கோம்" என்கிறாள். போய்த் தொட்டுப் பார்த்தேன், ஈரம்தான். இருந்தாலும் முப்பது வருஷம் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் குப்பை கொட்டினவன் நான், செத்தவர்கள் பென்ஷன் வாங்கினதையே பார்த்திருக்கிறேன். மனு யார் போட்டால் என்ன, வேலை நடந்தால் சரி என்று என்னையே தேற்றிக்கொண்டேன். போன வாரம் நல்ல இரும்பிலேயே கைப்பிடி போட்டுவிட்டார்கள். குழந்தை இனி பத்திரம்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பும் ஆசிகளும்.

இப்படிக்கு,
ரங்கநாதன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் தாரிணியை பஸ் ஏற்றப் போனேன். பாலத்தில் நின்று கீழே பார்த்துக் கை ஆட்டினாள். யாருக்கென்று கேட்டேன். "யெல்லோ கோட் ஆன்ட்டிக்கு, தாத்தா. உங்களுக்கு தேங்க் யூ சொன்னாங்க. இவ்வளவு நாளா மேலே ஏறி வரப் பிடிச்சுக்க ஒண்ணுமே இல்லையாம்."