அத்தான் அராவிய பல்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் ஒரே தம்பி எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கே உங்களைத் தவிர எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். அக்காவின் முழங்கால் வலி குறைந்ததா, பெரியவளுக்குப் புது வேலை பிடித்திருக்கிறதா, சின்னவன் தேர்வு ஒழுங்காக எழுதினானா என்றெல்லாம் கேட்பது முறை. கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் என் முன்பல்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்னால், குடும்பமாக நின்று ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். அதற்கு நாள் குறிக்கத்தான் நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். பல் வைத்தியம் பார்க்க வரவில்லை. நீங்கள்தான் என் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "மச்சான், அந்தப் பல்லு மட்டும் கொஞ்சம் துருத்திக்கிட்டு நிக்குது, போட்டோல அசிங்கமா விழும், கீழ கிளினிக்குக்கு வா, அஞ்சு நிமிஷ வேலை" என்றீர்கள். உங்கள் நாற்காலியில் உட்கார வைத்தீர்கள். கழுத்தில் அந்த நீலத் துண்டைக் கட்டினீர்கள். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே ஒரு கண்ணாடியையும் இரண்டு விரலையும் விட்ட பிறகு, "என்ன, அராவிடலாமா?" என்று கேட்டீர்கள். "வேண்டாம் அத்தான், நான் பித்தளை வாத்தியம் ஊதுகிறவன், உதட்டுக்குப் பின்னால் இருக்கும் எதையும் தொடக்கூடாது" என்றுதான் நான் சொன்னேன். வாயில் மூன்று பொருள்கள் இருந்ததால் அது "ஆஆஆ" என்று வெளியே வந்தது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். முப்பது வருஷமாகத் திறந்த வாய்களோடு பேசுகிறவருக்கு, வேண்டும் "ஆஆஆ"வுக்கும் வேண்டாம் "ஆஆஆ"வுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அந்தப் பல் என்ன பல் என்று உங்களுக்குத் தெரியுமா? பதினான்கு வயதில் பள்ளிக்கூடக் குழுவில் டிராம்போன் என்னும் இந்த நீளப் பித்தளைக் குழாயைத் தூக்கிய நாளிலிருந்து மவுத்பீஸ், அதாவது உதட்டில் பொருத்தி ஊதும் அந்தக் கிண்ணம், அந்தப் பல்லின் மூலையில்தான் சாய்ந்து உட்காரும். நாற்பத்து மூன்று வருஷமாக அந்த மூலையும் என் உதடும் விட்டுக்கொடுத்து வாழ்ந்து ஒரு வழிக்கு வந்திருந்தன. நகர இசைக்குழுவில் முதல் டிராம்போன் நாற்காலியில் முப்பத்தோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன் என்றால் பாதிப் பெருமை அந்தக் கோணல் பல்லுக்குப் போக வேண்டும். ஆனால் உங்களிடம் இதைச் சொல்லி என்ன பயன்? வீட்டில் நாலு பேர் கூடும்போதெல்லாம், "அது சரி மச்சான், ஊதுறது போக வேலைன்னு என்ன பாக்குற?" என்று சபையில் கேட்கிறவர்தானே நீங்கள். ஊதுவதுதான் வேலை. ஊதச் சொல்லிக் கொடுப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் அந்தப் பல்தான் மூலதனம். அதைப் போட்டோவுக்காக அராவிவிட்டீர்கள்.

என் தப்பும் ஒன்று உண்டு, மறைக்க மாட்டேன். அன்று எனக்குக் கோபமே வரவில்லை. வீட்டுக்கு வந்து கூடத்துக் கண்ணாடியில் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. உங்கள் நீலத் துண்டைக் கழுத்திலிருந்து அவிழ்க்கக்கூட மறந்து தெருவழியே நடந்து வந்திருக்கிறேன் என்றால் பாருங்கள். ஞாயிறு மாலை கருவியைத் துடைக்கும் நேரம். துடைத்தபடியே அரைமணி நேரம் கண்ணாடி முன் நின்று, இடப்பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு, வலப்பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு என்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தேழு வயதில் எனக்கு அப்படி ஒரு கிறுக்கு. அதற்கான தண்டனை மறுநாள் காலையிலேயே கிடைத்தது.

திங்கட்கிழமை ஒத்திகை. எங்கள் பிழைப்பு எப்படி என்றால், வயலின்காரர்கள் ஓயாமல் இழைத்துக்கொண்டிருப்பார்கள், நாங்கள் கருவியை மடியில் வைத்துக்கொண்டு தாள வட்டங்களை எண்ணிக்கொண்டிருப்போம். இப்போது ஒத்திகை பார்க்கும் உருப்படியில் நூற்றுப் பன்னிரண்டு வட்டம் சும்மா எண்ண வேண்டும். அதற்குப் பிறகு குழு முழுவதும் அடங்கிவிடும், முதல் டிராம்போன் மட்டும் தனியாக எழுந்து பதினாறு வட்டம் வாசிக்க வேண்டும். எண்ணினேன். தும்மல் வந்தபோதும் எண்ணிக்கையை விடவில்லை. நூற்றுப் பதின்மூன்றில் தூக்கினேன், மூச்சை இழுத்தேன், ஊதினேன். கம்பளியைத் தலைவரை போர்த்திக்கொண்டு யாரோ வீட்டு வாடகைக்காரரைத் திட்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது. கோல் பிடித்து எங்களை நடத்துகிறவர் கையைத் தொங்கப் போட்டுவிட்டார். "முதல் டிராம்போன், உடம்புக்கு எதுவும் முடியலையா?" என்று எழுபது பேர் முன்னால் கேட்டார். முப்பத்தோரு வருஷத்தில் அந்த மேடையில் என்னை யாரும் நலம் விசாரித்ததே இல்லை அத்தான்.

பக்கத்து நாற்காலியில் இருக்கும் இரண்டாம் டிராம்போனுக்கு இருபத்தேழு வயது. என் மாணவன்தான். அன்று அவன் திடீரென்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். இடைவேளையில் மெதுவாக வந்து, "சார், என்னோட கருவியில ஒரு தடவை வாசிச்சுப் பாக்குறீங்களா?" என்றான். "என்னோடது இருபத்தாறு வருஷமா என்னைக் கைவிட்டதில்ல தம்பி, பிரச்சினை அதுல இல்ல, எங்க அத்தான்கிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டேன். தன் கருவியைச் சந்தேகப்படுகிற கலைஞன் கலைஞனே இல்லை என்பது என் கொள்கை.

அடுத்தது புதன்கிழமை, இசைக் கல்லூரி. என் வகுப்பில் ஆறு பேர். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவன் அல்ல. வாசித்துக் காட்டுவேன், அப்படியே வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் என் முறை. வாசித்துக் காட்டினேன். ஆறு பேரும் அப்படியே வாசித்தார்கள். ஆறு கம்பளி, ஆறு வாடகைக்காரர். நல்ல காலத்தில் நூறு தடவை சொன்னாலும் காதில் வாங்காத பிள்ளைகள், இந்த ஒன்றை மட்டும் ஒரே தடவையில் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டார்கள். அதில் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி, "ஓசையை முழுவதும் வெளியே விடக்கூடாது" என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டாள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த துறைத் தலைவர், "புது முறையா சார்? ரொம்ப அடக்கமா இருக்கே!" என்றார். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய? பல் போன கதையை அவரிடம் சொன்னால், அடுத்த வருஷம் வகுப்பே இருக்காது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை மாடி வீட்டு அம்மாள். பத்து வருஷமாக நான் சாதகம் செய்யும்போதெல்லாம் தரையைத் துடைப்பக் கட்டையால் இடிப்பவர். இப்போது படிக்கட்டில் பார்த்துச் சிரிக்கிறார். "வாசிக்கிறத நிறுத்திட்டீங்களா? நிம்மதியா இருக்கு" என்கிறார். தினமும் இரண்டு மணி நேரம் உயிரைக் கொடுத்து ஊதிக்கொண்டிருக்கிறேன் அத்தான், மாடிக்குக்கூட எட்டவில்லை.

வீட்டிலாவது ஆறுதல் உண்டா என்றால், உங்கள் தங்கச்சி முறையாகும் என் மனைவி, குடிநீர் அலுவலகத்தில் இருபது வருஷமாகப் புகார் பிரிவில் உட்கார்ந்திருப்பவள், முதல் நாளே, "உள்ள எதாவது அடைச்சிருக்கான்னு பாருங்க. குழாய்னா முதல்ல அடைப்பைத்தான் பாக்கணும்" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! "இது வாத்தியம், உங்க ஆபீஸ் சாக்கடை இல்ல" என்றேன். "சாக்கடைக்குத் தனி ஆபீஸ். நாங்க குடிதண்ணி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து நான் ஊதும்போதெல்லாம் குழாயையே பார்க்கிறாள். இந்த வீட்டில் இசையறிவு இல்லாதவர்களோடு காலம் தள்ளுகிறேன்.

வேறு வழியில்லாமல் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. உங்களுக்குச் சுருக்கென்று தைக்கும், தைக்கட்டும். போன வாரம் உங்கள் கிளினிக்குக்கு நேர் எதிரே இருக்கும் பல் டாக்டரிடம் போனேன். ஆமாம், அவரிடமேதான். பதினெட்டு வருஷமாக நீங்கள் முகம் கொடுத்துப் பேசாத அதே ஆள். உள்ளே நுழையும்போது நீங்கள் ஜன்னல் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போனேன். மழை இல்லை. அவர் என் வாயைப் பார்த்துவிட்டு, "யாரு இந்தப் பல்லை இப்படிப் பண்ணினது?" என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொல்லவில்லை, குடும்ப மானம் எனக்குத் தெரியும். உறவுமுறையை மட்டும் சொன்னேன். அவர் ஐந்து நிமிஷம் சிரித்தார். பிறகு நீங்கள் அராவிய இடத்தில் ஏதோ பசையை அப்பி, விளக்கு வைத்துக் காயவைத்து, பல்லைப் பழையபடி கட்டிக்கொடுத்தார். பழையபடி என்று அவர்தான் சொல்கிறார். எனக்கு அது பழையதைவிட ஒரு சுற்றுப் பெரிதாகத் தெரிகிறது. "ச" வருகிற சொல்லையெல்லாம் சொன்னால் விசில் அடிக்கிறது. அதனால்தான் போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேன். கோபமாகப் பேசும்போது நடுவில் விசில் அடித்தால் மரியாதை இருக்காது.

இவ்வளவு செய்தும் ஓசை திரும்பவில்லை. முன்பு கம்பளி மட்டும், இப்போது கம்பளியோடு உதட்டில் வெட்டுக் காயமும். நேற்று கோல்காரர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகை. அதுல சரியா வரலைன்னா, சனிக்கிழமை நிகழ்ச்சில அந்தப் பதினாறு வட்டத்தை ரெண்டாவது ஆள் வாசிக்கட்டும். அப்புறம் மத்தது பேசிக்கலாம்" என்றார். மற்றது என்றால் நாற்காலி. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. பித்தளைக்காரனை ஒருமுறை பின் வரிசைக்குத் தள்ளினால் மறுபடி யாரும் முன்னே கூப்பிடுவதில்லை. கல்லூரியிலும் முதல் நாற்காலிக்காரர் என்றுதான் என்னை வைத்திருக்கிறார்கள். அதுவும் போய்விடும். பிறகு நீங்கள் கேட்கும் அந்தக் கேள்விக்கு, வேலைன்னு என்ன பாக்குற என்பதற்கு, என்னிடம் பதிலே இருக்காது. பயமாக இருக்கிறது அத்தான். கோபம் என்று எழுதுகிறேன், ஆனால் பயம்தான்.

ஆகவே என் முடிவைச் சொல்கிறேன். நீங்கள் நேரில் வந்து, இது உங்கள் கைவேலைதான் என்று கோல்காரரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். குடும்ப போட்டோவில் நான் நிற்க மாட்டேன். அக்கா மிகவும் வற்புறுத்தினால் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நிற்பேன். இனி உங்கள் கிளினிக் படியை மிதிக்க மாட்டேன், உங்கள் முன்னால் சாப்பிடுவதற்குக்கூட வாயைத் திறக்க மாட்டேன். இது உறுதி.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் இருவரும் எல்லா நலமும் பெற்று, முப்பத்திரண்டு பல்லும் தொடப்படாமல் நீண்ட காலம் வாழ என் ஆசிகள். உங்களுக்கு, வயதில் மூத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக, வணக்கம்.

இப்படிக்கு,
உங்களால் ஊமையாக்கப்பட்ட
மைத்துனன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, உறையில் போட்டு, ஒட்டுவதற்குப் பசை தேடி உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் என் மனைவி டிராம்போனைக் கழற்றிக் குளியலறையில் வைத்து, அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த நீளக் கம்பியைப் பின்பக்க வளைவுக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். விசில்தான் வந்தது. அவள் காதில் வாங்காமல் ஒரு இழுப்பு இழுத்தாள். நீலமாக ஒரு துணி வந்தது. உங்கள் கிளினிக் துண்டில் பாதி. அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியில் பல்லைப் பார்த்துக்கொண்டே கழுத்திலிருந்ததை அவிழ்த்து, அதைக் கொண்டே குழாயின் உள்ளே துடைத்திருக்கிறேன் போலிருக்கிறது. இழுத்ததில் கிழிந்த பாதி உள்ளேயே தங்கிவிட்டது. அவள் அதைப் பிழிந்து கொடியில் காயப்போட்டுவிட்டு, "புகார் முடிஞ்சுது, கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

உடனே மாட்டி ஊதினேன். அத்தான், வந்துவிட்டது. கூடமே அதிர்ந்தது. மாடியிலிருந்து துடைப்பக் கட்டை மூன்று தடவை இடித்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இன்னும் இடிக்க மாட்டாரா என்று இன்னொரு தடவை ஊதினேன்.

துண்டு உங்களுடையது என்பதால் பழியில் பாதி இன்னும் உங்கள் மேல்தான். ஆனாலும் ஒரு சிக்கல். எதிர் கிளினிக் டாக்டர் கட்டிய பல் உதட்டை அறுக்கிறது. மேல் சுரங்களுக்குப் போகவே முடியவில்லை. அவரிடம் மறுபடி போக மாட்டேன், பல்லில் பசை அப்பத்தான் அவருக்குத் தெரியும், அராவத் தெரியாது. அந்த விஷயத்தில் உங்கள் கைக்கு ஈடே இல்லை என்று நான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். நாலு பக்கம் பாடுபட்டு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. மேலே உள்ள திட்டு முழுவதையும் அவருக்கு எழுதியதாக நினைத்துப் படியுங்கள்.

இதை நாளைக் காலை என் மனைவியே அலுவலகம் போகும் வழியில் உங்கள் கையில் கொடுப்பாள். வியாழக்கிழமை எந்த நேரம் சொன்னாலும் வருகிறேன். போன தடவை எந்த அளவுக்கு அராவினீர்களோ அதே அளவு, ஒரு இழைகூடக் கூடவோ குறையவோ வேண்டாம். நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து, உங்கள் விரல்களுக்கு நடுவே நான் "ஆஆஆ" என்றால், இந்த முறை அது சம்மதம்தான்.