சுவிசேஷமுத்து மை கொண்ட படலம்

பல்லாவரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவே, ஷேர் ஆட்டோக்கள் இரவும் பகலும் முரசறையும் கீழ்க்கட்டளைத் திருநாட்டின் கோமான், தலைமுறை தலைமுறையாய்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு புகட்டிய வகுப்பறை வேந்தன், சுண்ணக்கட்டி ஏந்திச் சிவந்த கையன், சலவை வேட்டி கலையாத சுவிசேஷமுத்து வாத்தியாரின் புகழ் பாடப் புகுந்தோம். தமிழே, இவர் பெருமையைச் சொல்லி முடிக்கும்வரை எங்கள் நாவில் சிரிப்பு வராமல் காத்தருள்வாய்.

டெல்லி மாமன்றத்தில் இந்நாட்டுக்கு உரிய ஆசனம், அதில் அமர்ந்திருந்தவர் வேறொரு பதவியை நாடி எழுந்து போனமையால், வெறுமையாய்க் கிடந்தது. அதை நிரப்ப இடைத்தேர்தல் முரசு கொட்டியது. மாநகராட்சித் தேர்தலில் வைத்த மை ஊரார் விரல் நகங்களில் இன்னும் தேய்ந்து மறையாத காலம் அது. அரியணையில் ஏறப்போவது எவர் என்பது வாத்தியாருக்கு ஒரு பொருட்டே அன்று. அவர் கவலை வேறு.

பணி ஓய்வுக்குப் பிறகு அவரை எவரும் எதற்கும் அழைப்பதில்லை. ஆனால் தேர்தல் நாளில் மட்டும், சபையாரின் வாட்ஸ்அப் குழுவில், மற்ற விரல்களை மடக்கி மை பூண்ட ஆள்காட்டி விரலைத் தனியே நிமிர்த்தி முதல் படம் போடுபவர் அவரே. அன்று முழுவதும் வாழ்த்துகள் மாரியெனப் பொழியும். அந்த மாரியைச் சட்டமன்றத் தேர்தலில் முந்திப் படம் போட்டு இடைமறித்தவர் டெனிஸ்: வங்கி மேலாளராய் இருந்து ஓய்ந்தவர், பாடகர் குழுவின் இடிக்குரலோன், அறுபத்தைந்தைக் கடந்தும் கருமேகத்தை நாணச் செய்யும் சாயக் குழலழகர். அந்த ஞாயிறு ஆயர் தம் பிரசங்கத்தில் டெனிஸின் குடிமை உணர்வைப் புகழ்ந்தபோது, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த வாத்தியாரின் நெஞ்சில் பாய்ந்த வேல் இன்றளவும் பிடுங்கப்படவில்லை.

போர் நாள் புலர்ந்தது. கதிரவன் திருநீர்மலைப் படிகளில் ஒளிவிரல் பதிக்கும் முன்னரே வாத்தியார் நீராடி, வெண்ணீற்று வெண்மையை வெல்லும் வேட்டி உடுத்தி, வாக்காளர் அட்டையைக் கவசமென மார்புப் பையில் செருகினார். அவர் மனைவி தபீதாள், காபிக் குவளையுடன் வாசலில் நின்றாள்.

“ஏழு மணிக்குத்தானே ஓட்டு. இப்பவே போய் என்ன பண்ணப்போறீங்க?”

“டெனிஸ் கிளம்பியிருப்பான்.”

கிளம்பித்தான் இருந்தார். ஏரிக்கரைச் சாலை முனையில், சிவப்பு ஸ்கூட்டர் என்னும் புரவி மேல், புகைக்கொடி பறக்க, டெனிஸ் அவரைக் கடந்து சென்றார். வாத்தியாரின் முழங்கால் மூட்டுகள் போர்ப்பறை போல் முழங்கின. ஆயினும் விதி வாத்தியார் பக்கம் இருந்தது: வாக்குச்சாவடிக்கு வெகு தூரத்திலேயே காவலர்கள் தடுப்பு வைத்து, வண்டிகள் உள்ளே வரலாகாது என மறித்திருந்தனர். புரவியைக் கட்ட நிழல் தேடி டெனிஸ் அலைந்த அந்தச் சிறு பொழுதில், புலியும் அஞ்சும் நடை நடந்து, சுவிசேஷமுத்து பள்ளி வாயிலை எட்டினார். டெனிஸ் பின்னாலேயே மூச்சிரைக்க வந்து, பேச்சுக் கொடுப்பவர் போல் மெல்ல முன்னே நழுவி, வரிசையின் முதலிடத்தில் காலூன்றினார்.

“அண்ணா, நான் ஸ்கூட்டர்ல உங்களுக்கு முன்னாடியே வந்துட்டேன்.”

“ஸ்கூட்டர் வந்தது. நீ வரலை.”

இரு களிறுகள் தந்தம் பூட்டி நிற்பன போல் இருவரும் தோளொடு தோள் பொருது நின்ற வேளையில், வாயில் காக்கும் காவலர் துரை ஊடே புகுந்தார். வாத்தியாரின் பஞ்சுத் தலையை நோக்கினார். டெனிஸின் கார்குழலை நோக்கினார்.

“பெரியவரே, இங்க இன்னாத்துக்கு நின்னுகினு கீறீங்க? வயசானவங்களுக்குத் தனி லைன் கீது, அவங்கதான் மொதல்ல. நீங்க அந்தாண்ட வாங்க. சார், நீங்க இங்கயே நில்லுங்க.”

டெனிஸின் வாய் திறந்தது. தாமும் முதியவரே என்று ஒரு சொல் சொன்னால் போதும், போர் சமமாகும். ஆனால் பக்கத்துப் பெண்கள் வரிசையில் பாடகர் குழுவின் மகளிர் நால்வர் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தனர். திறந்த வாய் மூடியது. சுவிசேஷமுத்து தலை நிமிர்ந்து உள்ளே சென்றார்.

மை வைக்கும் பீடத்தில் இளம் அலுவலர் ரேஷ்மா அமர்ந்திருந்தாள். அவர் நீட்டிய ஆள்காட்டி விரலைப் பார்த்துத் தலையசைத்தாள்.

“இதுல போன எலெக்‌ஷன் மை இருக்கு சார். இந்தத் தடவை நடுவிரல்லதான் வைக்கச் சொல்லியிருக்காங்க.”

“எந்த விரலா இருந்தா என்னம்மா. மை ஒண்ணுதானே.”

இடக்கை நடுவிரலில் நீலத்திலகம் இட்டாள். வாத்தியார் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினார். அது நீண்டு ஒலித்த ஓசை அவர் செவியில் வெற்றிச் சங்கென விழுந்தது.

வெளியே வந்து, பள்ளியின் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று, தம் வழக்கப்படியே, மை பூண்ட விரலைத் தவிர ஏனையவற்றை மடக்கி, அவ்வொரு விரலை வானளாவ நிமிர்த்தி, புன்னகை தவழப் படம் எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எழுத்து எழுத்தாய்த் தேடி ஒரு பிரகடனமும் வரைந்தார்: “முதல் ஆளாக முடித்துவிட்டேன். இது நம் சபையார் அனைவருக்கும், ஆயர் ஐயா உட்பட.” அனுப்பினார்.

படத்தைப் பார்த்தவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. முதிய மாதர் இருவர் ‘ஸ்தோத்திரம் அண்ணா’ என்றனர். வாலிபர் சிலர் கண்ணீர் பெருகச் சிரிக்கும் மஞ்சள் முகங்களைச் சொரிந்தனர். ஆனந்தக் கண்ணீர் என்றே அவர் கொண்டார். அதற்குள் வாக்களித்து வெளியே வந்த டெனிஸ் தம் போனைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தம் நடுவிரலைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு அருகே வந்தார்.

“நீங்களே ஜெயிச்சிட்டீங்க அண்ணா. நான் போட்டோ போடலை.”

பகைவனின் பெருந்தன்மையில் வாத்தியார் உள்ளம் நெகிழ்ந்தது. இத்தனை நாள் இவனைத் தவறாக எண்ணிவிட்டோமே என்று வழியெல்லாம் வருந்தியபடி வீடு வந்து நாற்காலியில் சாய்ந்தார். அப்போது, வேளச்சேரியில் வாழ்க்கைப்பட்ட மகள் ஜென்சியின் அழைப்பு வந்தது.

“அப்பா, குரூப்ல என்ன போட்டு வச்சிருக்கீங்க?”

“மை வச்ச விரல்மா. டெனிஸே ஒத்துக்கிட்டான்.”

“அந்த விரலைத் தனியா நீட்டிக் காட்டுறது அசிங்கமான திட்டுப்பா. அதுல ஆயர் ஐயா உட்படன்னு வேற எழுதியிருக்கீங்க.”

“யார் சொன்னது?”

“சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும்பா. முதல்ல அதை டெலிட் பண்ணுங்க.”

மலை சரிந்தாற்போல் சரிந்தார் மாவீரர். மடக்காமல் விட்ட அவ்வொரு விரலை, தாம் எண்ணிறந்த பிள்ளைகளை எழுப்பி நிறுத்திய அதே கண்டிப்போடு நோக்கினார். பின், பெருவிரலை நாணேற்றிய வில்லென வளைத்து, படத்தின் மேல் அழுந்தப் பதித்து, ‘எல்லோருக்குமா, எனக்கு மட்டுமா’ என எழுந்த கேள்விகளில் முதலில் கண்ணில் பட்டதைக் கண்ணிமைக்கும் முன் வீழ்த்தினார். படம் மாயமாய் மறைந்தது. களம் வெறுமையாயிற்று. பெருமூச்செறிந்து, தபீதாள் கொடுத்த காபியை ஒரே மிடறில் பருகினார்.

அவர் அழுத்தியது ‘டெலிட் ஃபார் மீ’.