வெறும் வயிறும் ஒரு மக்கன் பேடாவும்

மருத்துவமனைக் கோப்பில் உள்ளதையும், என் மகள் யாழினி சரிபார்த்ததையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். என் நினைவைத் தனிச் சாட்சியாக ஏற்க இயலாது. அது எப்போதும் என் பக்கமே சாய்கிறது.

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஒன்றில், அளவுப் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளன். அளக்கும் முன் ஈரத்தோலைச் சட்டத்தில் இழுத்துக் கவ்வி உலர்த்துவோம். பரப்பு சற்றுக் கூடும்; தோலுக்கு விலை பரப்பை வைத்துத்தான். இதை நாங்கள் ஏமாற்று என்பதில்லை. தயாரிப்பு என்போம்.

யாழினிக்கு அப்போது ஒன்பது வயது. உயரமோ ஆறு வயதுக்குரியது. வளர்ச்சி ஹார்மோன் குறைவு என்று உறுதியாகியிருந்தது. ஊசி தொடங்குமுன் இன்சுலின் சுரப்பையும் பார்க்க வேண்டும் என்றார் வேலூர் மருத்துவர்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணி மட்டும்தாம்மா. காலைல வெறும் வயித்துல ஒரு ரத்தம், குளுக்கோஸ் குடிச்சப்புறம் மிச்சம்" என்று யாழினியிடமே சொன்னார்.

மறுநாள் காலைப் பேருந்தில் குழந்தை துவண்டு கிடந்தாள். இந்த நிலையில் முடிவு எப்படி நன்றாக வரும்? தயார் செய்யாத சரக்கை அளவுக்கு அனுப்பிய வழக்கம் எனக்கில்லை. காகிதத்தில் பொதிந்திருந்த, முந்திரி அடைத்துப் பாகில் ஊறிய மக்கன் பேடாவை நீட்டினேன்.

"டாக்டர் வேணாம்னாங்களேப்பா?"

"சின்னதுதான் கண்ணு. வாயில போட்டுக்க."

(மக்கன் பேடா சின்னதாக இருந்ததாக எங்கள் வட்டாரத்தில் வரலாறு இல்லை.)

முடிவு வந்ததும் மருத்துவர் தாளைப் பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த ஹார்மோன் கம்மியா இருக்கிற பசங்களுக்கு இன்சுலினும் பெரும்பாலும் கம்மியாத்தான் சுரக்கும். வெறும் வயித்துல சர்க்கரையும் தாழலாம். இவளுக்கு முதல் ரத்தத்துலயே ரெண்டும் ஜாஸ்தியா இருக்கு. எதனா குடுத்தீங்களா சார்?"

"தண்ணீரைத் தவிர வேறொன்றும் அளிக்கவில்லை" என்றேன். (பொய் சொல்லும்போது என் தமிழ் தானாகவே செம்மையாகிவிடும்.)

"அந்தத் தண்ணிக்குள்ள முந்திரி இருந்துச்சு டாக்டர்" என்றாள் யாழினி.

மருத்துவர் சிரிக்கவில்லை. "இதை நம்பியிருந்தா நான் தப்பா முடிவு பண்ணியிருப்பேன். திரும்ப எடுக்கணும். அதுவரைக்கும் ஊசி கிடையாது."

அடுத்த முறை கிடைத்தது ஆறு வாரம் கழித்து. அன்று அவளை என் மனைவி அழைத்துச் சென்றாள். புறப்படுமுன் என்னை வாசலில் நிறுத்திச் சட்டைப்பையைச் சோதித்தாள். இன்சுலின் குறைவாகவே வந்தது. ஊசி தொடங்கியது.

இன்று யாழினி என் தோளைத் தாண்டிவிட்டாள். வீட்டில் யார் ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்பினாலும், "மொதல்ல அப்பா பாக்கெட்டைப் பாரும்மா" என்கிறாள். நானும் மறுக்காமல் கைகளைத் தூக்கி நிற்கிறேன்.

ஊசி தள்ளிப்போன அந்த ஆறு வாரத்தில் அவள் எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. எனக்கும் தெரியாது.