கன்னத்தில் இருந்த ஹார்ன்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும் என் மகளும், எல்லோருக்கும் மேலாக நம் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், என் மனைவி சுகம், போன வாரம் பழுது பார்த்த தண்ணீர் மோட்டார்கூடச் சுகம். என் இடது கன்னம் ஒன்றுதான் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அது விஷயமாகவே இந்தக் கடிதம். போனில் பேசியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். பேசினால் நான் சத்தம் போட்டுவிடுவேன். தாங்களோ நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கச் சத்தம் போடுகிறவர்களை முறைத்தே பழகியவர். ஆகவே சத்தமில்லாமல் எழுதியே கேட்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை நான் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து "பாம்... பாம்" என்று ஹார்ன் அடித்தது தாங்கள்தானே?

மறுக்க வேண்டாம். அது மாப்பிள்ளையின் குரல் இல்லை. மகளும் உங்களைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க "டிவிப்பா" என்று சொல்லிப் பார்த்தாள். எந்த டிவியில் ஹார்ன் அடித்துவிட்டு நடுவில் இருமுவார்கள்?

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். என் மகள் அவள் தரப்பைச் சொல்லியிருப்பாள். இது என் தரப்பு. என் கன்னத்து மச்சத்தைக் கல்யாணத்தன்றே தாங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் இருந்திருக்க முடியாது; மிளகு அளவில், மூக்குக்கும் வாய்க்கும் பக்கத்தில், நடுத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனது மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் பஸ் ஓட்டிய காலத்தில் டிப்போவில் எனக்கு மச்சக்காரர் என்றுதான் பெயர். அந்த மச்சத்தால் என்ன அதிர்ஷ்டம் வந்தது என்று கேட்டால், பேத்தி பிறக்கும்வரை ஒன்றும் கிடையாது. அவள் உட்காரப் பழகிய புதிதில் என் மடியில் இருந்துகொண்டு ஒரு விரலை நீட்டி மச்சத்தை அமுக்கினாள். எனக்கு என்ன தோன்றியதோ, கன்னத்தை உப்பி "பாம்" என்றேன். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு வேறென்ன தோன்றும்? அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள், மச்சத்தைப் பார்த்தாள், மறுபடி அமுக்கினாள். மறுபடி "பாம்". அன்றிலிருந்து நான் பாம்பாம் தாத்தா. "அப்பா" என்று சொல்வதற்கு முன்னாலேயே அவள் அதைச் சொன்னதில் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கூடவே இருக்கும் உங்களுக்கு அவள் வைத்த பெயர் வெறும் தாத்தா. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட மச்சத்தை ஏன்யா எடுத்தாய் என்று கேட்பீர்கள். தெருவே கேட்கிறது. ஓய்வு பெற்ற டிரைவர்களுக்கு இலவசப் பயண அட்டை கொடுக்கிறார்கள் இல்லையா, அதற்குப் புகைப்படம் எடுக்கப் போனேன். ஸ்டூடியோக்காரர் நல்ல மனிதர், கேட்காமலே உதவி செய்கிற ரகம். கம்ப்யூட்டரில் என் முகத்துச் சுருக்கத்தைத் துடைத்து, கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைத் துடைத்து, அதே வேகத்தில் மச்சத்தையும் துடைத்துவிட்டார். அட்டை வந்தது. பேத்தியைப் பார்க்க வரும் ஆசையில், நானே வருஷக்கணக்கில் ஓட்டிய அதே வழித்தட பஸ்ஸில் ஏறி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, அட்டையை நீட்டினேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த கண்டக்டர் தம்பி அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சார், இது உங்க தம்பியோட அட்டையா?"

"எனக்குத் தம்பியே கிடையாதுப்பா. நான்தான் அது."

"போட்டோல மச்சம் இல்லையே சார்."

"இருந்துச்சு. அழிச்சுட்டாங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். முகமும் போட்டோவும் ஒண்ணா இருக்கணும். அதான் ரூல்."

புத்தியுள்ளவன் என்ன செய்வான்? போட்டோவை மாற்றுவான். நானும் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அட்டையை மாற்ற மூன்று மாதம் ஆகும் என்றார்கள். திரும்பி வரும் வழியில், எங்கள் தெருமுனையில் புதிதாகத் திறந்திருந்த தோல் மருத்துவமனையில் சும்மா விசாரித்தேன். மச்சத்தை எடுக்க இருபது நிமிஷம் என்றார்கள். சம்பந்தி, நீங்களே சொல்லுங்கள், எது லாபம்? உண்மையைச் சொன்னால் அட்டையில் இருந்த ஆளையும் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. பத்து வயது குறைந்து, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவன் மாதிரி இருந்தான். என் மனைவி, "போட்டோ தப்பா இருந்தா முகத்துல ஏங்க கைவைக்கிறீங்க? மூணு மாசம் டிக்கெட் வாங்கிட்டுப் போனா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள். "நான் ஓட்டின பஸ்ஸுல நான் டிக்கெட் வாங்குறதா?" என்று வீரம் பேசிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

டாக்டர் சின்னப் பெண், நம் மகள் வயதுதான் இருக்கும். ஊசி போட்டார், எறும்பு கடித்ததுபோல் இருந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை. வெட்டி எடுத்துத் தையல் போட்டார். மச்சத்தை ஒரு குட்டி டப்பாவில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்புவதாகச் சொன்னார். அப்புறம் என் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"அங்கிள், கொஞ்ச நாளைக்கு வாயப் பெருசா திறக்காதீங்க. சத்தமா சிரிக்காதீங்க. முக்கியமா கன்னத்த உப்பவே கூடாது. பலூன் கிலூன் ஊதிடாதீங்க."

"இந்த வயசுல நான் எதுக்கும்மா பலூன் ஊதப் போறேன்?" என்று நானும் தெனாவட்டாகச் சொல்லிவிட்டு வந்தேன். பலூனைத்தான் மறுத்தேனே தவிர, ஹார்ன் ஞாபகம் எனக்கு அந்த நேரத்தில் வரவே இல்லை.

அன்று சாயங்காலமே வீடியோ காலில் பேத்தி வந்துவிட்டாள். நான் உஷாராக வலது கன்னத்தை மட்டும் காட்டிக்கொண்டு, திருடன் மாதிரி ஒருக்களித்து உட்கார்ந்திருந்தேன். அவளா விடுவாள்? திரையில் எங்கோ ஒரு இடத்தில் விரலை வைத்து அமுக்கிவிட்டு, வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன், கையை ஆட்டினேன், கண்ணைச் சிமிட்டினேன். அவள் அசையவில்லை. விரலை எடுத்துவிட்டு மறுபடி அமுக்கினாள். உதடு பிதுங்க ஆரம்பித்தது. சம்பந்தி, கல்நெஞ்சக்காரன்கூட அந்த உதட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டான். அடித்தேன் ஒரு ஹார்ன், மலைப்பாதை வளைவில் அடிக்கிற முழு ஹார்ன். அவள் கைதட்டிச் சிரித்தாள். இந்தப் பக்கம் தையல் பிரிந்துவிட்டது.

மறுநாள் டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மறுபடி தைத்ததில் தழும்பு அகலமாகவும் நீளமாகவும் தடித்துப்போய்விட்டது. மிளகு இருந்த இடத்தில் இப்போது அரைவிரல் நீளத்துக்குச் சிவப்பாக ஒரு கோடு, மூக்கோரத்திலிருந்து தாடைப் பக்கம் வளைந்து இறங்குகிறது. அதற்குப் பிறகுதான் பரிசோதனை முடிவு வந்தது. அந்த மச்சத்தால் எந்தக் கெடுதலும் இல்லையாம், இருந்தபடியே இருந்திருக்கலாமாம். தூக்கில் போட்ட பிறகு நிரபராதி என்று தீர்ப்பு வந்தால் எப்படி இருக்கும்? "இத்தனை வருஷமா அந்த மச்சத்தப் பாத்துத்தான் உங்ககிட்டப் பேசிட்டிருந்தேன். இப்ப எங்க பாத்துப் பேசுறதுன்னே தெரியல" என்று மனைவி வேறு சொன்னாள். அதிலிருந்து என் காதைப் பார்த்துப் பேசுகிறாள். சரி, அட்டைக்காவது உதவுமே என்று பஸ்ஸில் ஏறினேன். அதே கண்டக்டர் தம்பி. அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பாவம், அவனுக்கே சங்கடமாகிவிட்டது. "போட்டோல தழும்பு இல்லையே சார்" என்றான். டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். போன மாதம் மகள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தாள். தழும்பின்மேல் ஒட்டச் சொல்லி டாக்டர் தோல் நிறத்தில் ஒரு பட்டை கொடுத்திருந்தார். குழந்தை ஏமாந்துவிடக் கூடாதே என்று, மனைவியின் புருவப் பென்சிலை எடுத்து அந்தப் பட்டைமேல் உருண்டையாக ஒரு மச்சம் வரைந்துகொண்டு வாசலில் நின்றேன். நன்றாகத்தான் வந்திருந்தது. பேத்தி ஓடி வந்தாள், மடியில் ஏறினாள், அமுக்கினாள். "பாம்" என்றேன், கன்னத்தை உப்பாமல், கூடியவரை. விரலில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. அவள் விரலைப் பார்த்தாள், என் வெள்ளைச் சட்டையில் துடைத்தாள், சந்தேகத்தோடு இன்னொரு தடவை அமுக்கி, ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். பட்டை, மச்சம் எல்லாம் சேர்த்து அவள் கையோடு வந்துவிட்டது. தாத்தாவின் மச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தை அலறுவதை நீங்கள் கேட்டதில்லை. கேட்க வேண்டாம். அவள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, என்னைக் காட்டி, "பாம்பாம் தாத்தா வேணும், பாம்பாம் தாத்தா வேணும்" என்று அழுதாள். என்னைக் காட்டி, என்னிடமே. ஊருக்குத் திரும்பும்வரை என் பக்கம் வரவில்லை. நான் குளியலறைக் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

இந்த நிலைமையில்தான் ஞாயிற்றுக்கிழமை போனில் அந்த ஹார்ன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஹார்ன் முடிந்ததும் அவள் சிரித்துக்கொண்டே யாரையோ "பாம்பாம் தாத்தா" என்று கூப்பிட்டாளே, அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் வலது தாடையில் ஒரு மச்சம் உண்டு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணத்தன்று நானும் பார்த்தேன். என்னுடையதைவிடச் சின்னது. இருந்தாலும் சொல்கிறேன், ஹார்ன் என்பது டிரைவர் வேலை. நீங்கள் ஹார்ன் அடிப்பது, நான் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாயா என்று கேட்பது மாதிரி. தவிர, கேட்டவரையில் உங்களுடையது ஸ்கூட்டர் ஹார்ன். பழகுகிற வயதில் குழந்தை தப்பாகக் கற்றுக்கொண்டுவிடும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தயவுசெய்து தாடி வளருங்கள். மச்சம் மறைகிற அளவுக்கு இருந்தால் போதும். படித்தவர், தாடி உங்களுக்கு எடுப்பாகவும் இருக்கும். நான் சும்மா இருக்கப் போவதில்லை. கடைத்தெருவில் பச்சை குத்துகிறவரைப் பார்த்துப் பேசிவிட்டேன். பழைய மச்சம் இருந்த அதே இடத்தில், அதே அளவில், அழியாத மச்சம் ஒன்று குத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தழும்புமேல் மை பரவி நெல்லிக்காய் அளவுக்குப் போனாலும் போகலாம் என்றார். போகட்டும், பெரிய ஹார்ன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை அந்தப் பெயரை மட்டும் எனக்காகக் காலியாக வைத்திருங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கங்கள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். பேத்திக்கு ஆயிரம் முத்தங்கள், வலது கன்னத்திலிருந்து.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி
(முன்னாள் பாம்பாம் தாத்தா)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் மகள் வந்து நிற்கிறாள். அலுவலகப் பயிற்சிக்காக இங்கே இரண்டு வாரம் இருக்கப்போகிறாளாம். உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. தூங்கிக்கொண்டிருந்த பேத்தியை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்போதுதான் முகம் கழுவியிருந்தேன், பட்டையும் இல்லை, பென்சிலும் இல்லை. குழந்தை கண் விழித்தது. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தழும்பின் மேல்முனையில் விரலை வைத்து மெதுவாகக் கீழே இழுத்தாள். சம்பந்தி, சத்தியமாக நான் திட்டம் போடவில்லை. என் தொண்டை தானாகவே "ட்ர்ர்ர்ர்ர்" என்று கிளம்பியது. பாதியில் கியர் மாற்றியது. வளைவில் திணறியது. விரல் தாடைக்கு வந்து நின்றதும் "உஸ்ஸ்ஸ்" என்று பிரேக் போட்டேன். அவள் விரலைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், பிறகு வீடே அதிரச் சிரித்தாள். அதிலிருந்து மேலும் கீழுமாக நாற்பது நடையாவது ஓட்டியிருப்பேன், தொண்டை கட்டிவிட்டது. இப்போது நான் பஸ் தாத்தா. என் மனைவிகூடக் காதை விட்டுவிட்டுக் கோட்டைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

பச்சை குத்துகிறவரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பாம்பாம் தாத்தா பட்டத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு சிக்கல். ஒவ்வொரு தடவையும் பஸ் நின்றதும் குழந்தை சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, "பாம்?" என்று கேட்கிறாள். என்னிடம் அது இல்லை. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே சம்பந்தியம்மாவோடு கிளம்பி வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். தாடி வேண்டாம், நன்றாக மழித்துக்கொண்டு வாருங்கள். ஹார்ன் இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது. அதான் ரூல்.