நம்மட புள்ளயும் அந்தப் புள்ளயும்

உலகத்தில் ஒரு வகை மனிதர் உண்டு. பதக்கச் சொந்தக்காரர் என்று நான் அவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். உடம்பில் அடையாளம் எதுவும் இராது. கதையைக் கேட்டால்தான் பிடிபடும். நாடு வென்றால் "வென்றிட்டோம்" என்பார்கள், தோற்றால் "தோத்திட்டானுகள்" என்பார்கள். 'நாம்' என்றது 'அவன்கள்' ஆக எவ்வளவு நேரம் எடுக்கும்? எங்கள் கற்பிட்டி உசனார் நானாவுக்கு ஒரு நிமிசம்கூட எடுக்கவில்லை.

நானா கருவாட்டு மொத்த வியாபாரி. விளையாட்டுக் கழகத்தின் போஷகர், அதாவது புரவலர். மூன்று சங்கங்களுக்குத் தலைவர். எந்தத் திறப்பு விழாவிலும் நாடா வெட்டுகிறவருக்குக் கத்தரிக்கோலைவிடக் கிட்ட நிற்பவர். கழக மைதானத்தில் விளையாட்டு நடந்து கனகாலம். அங்கே நானாவின் மீன் காய்கிறது. பக்கத்து ஊர் எத்தாளை யூஜினியின் மகள் அனஸ்தாசியா, பள்ளிக்கூடம் போகிற வயதில், எண்ணூறு மீற்றர் ஓடிப் பழக அங்கே வந்தாள்.

"புள்ள, தூசி கிளம்புது, மீனுல படுது. கடக்கரப் பக்கம் போய் ஓடு!" என்றார் போஷகர்.

போனாள். விளையாட்டு ஆசிரியை அக்கீலா டீச்சரும் மணிக்கூட்டோடு கூடவே போனார். இருவரும் ஏழு வருடம் அந்த மணலில் கிடந்தார்கள். நானா ஒரு நாள்கூட எட்டிப் பார்த்தது கிடையாது.

இந்த வருடம் அவள் ஆசிய விளையாட்டு விழாவுக்குத் தெரிவானாள். நம் நாட்டிலிருந்து போகிறவர்கள் எத்தனை பேர்? தொடக்க விழா அணிவகுப்பில் ஒரு பெரிய நாடு நடந்து முடிவதற்குள் ஆறுதலாகத் தேத்தண்ணி குடிக்கலாம்; நம்மவர்கள் வரும்போது தும்மினால் பார்க்கக் கிடைக்காது. அந்தச் சின்னக் கூட்டத்திலிருந்து அனஸ்தாசியா தகுதிச் சுற்றில் இரண்டாவதாக ஓடி, இறுதிப் போட்டிக்குள் நுழைந்தாள்.

அன்று பின்னேரமே சந்தியில் பெனர் ஏறியது. நானாவின் ஆளுயரப் படம். மூலையில், தபால் முத்திரை அளவில், அனஸ்தாசியா.

"கடல் மணல்ல ஓடச் சொன்னதே நான்தானே," என்று தேத்தண்ணிக் கடையில் நானா விளக்கினார். "காலுக்குப் பலம் வரும் எண்டு எனக்கு அப்பவே தெரியும்."

"மீனுக்கும் தெரிஞ்சிரிக்கும் நானா," என்றார் அக்கீலா டீச்சர்.

இறுதிப் போட்டியைக் கழக மண்டபத்தில் பெரிய திரையில் போட்டார்கள். யூஜினி செபமாலையை இறுகப் பிடித்தபடி முன்வரிசையில் இருந்தார். பக்கத்துக் கதிரையில் நானா. கடைசி வளைவில் அனஸ்தாசியா மூன்றாவது.

"நம்மட புள்ள! நம்மட புள்ள பாயிறதப் பாருங்க!"

உள்ளே புகுந்த ஒருத்தியின் முழங்கை பட்டது. அனஸ்தாசியா தடுமாறினாள், விழவில்லை, மறுபடி விரட்டினாள். நாலாவதாக வந்தாள்.

யூஜினி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "அழாதீங்க யூஜினி, இந்த நாட்டுல ஒரு பொம்பிளயும் இவ்வளவு கெதியா ஓடினதில்ல," என்று டீச்சர் மணிக்கூட்டைக் காட்டினார். யார் கேட்டார்கள்? நானா எழும்பிச் சாரத்தை இறுக்கிக் கட்டினார்.

"அந்தப் புள்ளக்கிக் கடசி நூறுல தெம்பில்ல. மணல்ல ஓடினாக் கால் கனத்துரும் எண்டு நான் அப்பவே சொல்லல்லயா?"

மண்டபம் காலியாயிற்று. பெனரைக் கழற்றி மைதானத்து மீனை மூடினார்கள்.

ஒரு மணித்தியாலம் கழித்துச் செய்தி வந்தது. முழங்கையால் இடித்தவளை நடுவர்கள் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்களாம். அனஸ்தாசியாவுக்கு வெண்கலம். பெனர் மீனைவிட்டு எழும்பிச் சந்திக்குத் திரும்பியது, கருவாட்டு மணத்தோடு.

வரவேற்பு விழாவில் நானா நாற்பது நிமிசம் பேசினார். அனஸ்தாசியா ஒரு நிமிசம் பேசினாள்.

"நான் தோத்திட்டன் எண்டு நினைச்சு அந்த ஒரு மணித்தியாலம் அறைக்குள்ள தனிய இருந்தன். கையில போன். ஊரில இருந்து ரெண்டே ரெண்டு பேர்தான் எடுத்தவங்க. இந்தப் பதக்கம் அவங்கட."

மண்டபமே கைதட்டியது. தன்னைத்தான் சொல்கிறாள் என்று ஒவ்வொரு முகத்திலும் ஒரு வெட்கம். நானா எழும்பிக் கழுத்தைக்கூடக் குனித்துக் கொடுத்தார். அவள் அவரைத் தாண்டிப் படியிறங்கிக் கடைசி வரிசைக்குப் போனாள். பதக்கத்தை முதலில் அம்மாவின் கழுத்திலும் பிறகு டீச்சரின் கழுத்திலும் போட்டாள். டீச்சர் பதக்கத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு நின்றார். படம் எடுத்தார்கள். நடுவில் நிற்பவர் யார் என்று கேட்காதீர்கள். நானா வேகமாகத்தான் ஓடி வந்திருந்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. அதே விழாவுக்குப் போய், தகுதிச் சுற்றிலேயே கடைசியாக வந்து, ஒருவரும் கூப்பிடாத போனோடு வீடு திரும்பினார்களே நம் நாட்டுப் பிள்ளைகள், அவர்களில் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

தெரியாதா? எனக்கும் தெரியாது. பரவாயில்லை, வெல்லும்போது தெரிந்துகொள்வோம். அதுவரைக்கும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். படத்தில் எனக்கும் இடம் வேண்டும்.